திட்டமா? திடீரா?

அன்பான நடுவர் அவர்களே, திடீரென்று வந்து உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, திட்டமிட்டு வந்திருக்கும் என் அணியினரே!

'குடும்பச் சுற்றுலாவில் மகிழ்ச்சி தருவது திட்டமா? திடீர்ப் பயணமா?' என்பது தலைப்பு. எதிரணி நண்பர் சொன்னார், "நினைச்சவுடனே கிளம்பணும்ங்க, அதுதான் சுகம்"னு. நியாயம்தான். நினைக்கிறது அவரு. விடியக்காலை மூணு மணிக்கு எழுந்து புளியோதரை கிளறுறது யாரு? (சிரிப்பு, கைதட்டல்)

எங்க வீட்டிலேயும் ஒரு சனிக்கிழமை ராத்திரி, "நாளைக்கு ஊட்டி தாவரவியல் பூங்கா"ன்னு வீட்டுக்காரர் அறிவிச்சார். கோயம்புத்தூரிலிருந்து காலையில் போய் ராத்திரி திரும்பிடலாம். நானும் தலையாட்டினேன். பழி அவர்மேல மட்டும் இல்லே.

1848-இல் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கிய தோட்டம் அது. 55 ஏக்கர். தொட்டபெட்டா மலைச் சரிவிலே படிப்படியாக ஏறிக்கொண்டே போகிறது. மேல் முனையில் தோடர் மந்து. பூங்கான்னா நம்ம ஊர் மைதானம் மாதிரி சமதளம்னு நினைச்சுட்டோம். பிள்ளைங்க மேலே ஓடினாங்க, பின்னாலேயே நாங்க. மூட்டுவலிக்கார மாமியாரை வாசல் பக்கம் ஒரு பெஞ்சிலே உட்கார வச்சு, கையிலே தண்ணி கூஜாவைக் கொடுத்து, "அரை மணி நேரத்திலே வந்துடறோம் அத்தை"ன்னு சொல்லிட்டுப் போனோம். திரும்பி வர மூணு மணி நேரம் ஆச்சு.

கூஜாவிலே தண்ணி குறையவே இல்லை. "ஏன் அத்தை குடிக்கலே?"ன்னு கேட்டேன். "குடிச்சாப் போகோணுமல்ல கண்ணு. எங்கே இருக்குதுன்னு தெரியலியே"ன்னாங்க. (அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, நான் வகுப்பில் திணை நடத்துகிறவள். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அதன் உரிப்பொருள் கூடல். பிரிவு பாலைக்கு உரியது. காதலர்க்குச் சொன்ன இலக்கணம்தான், ஆனால் குடும்பத்துக்கும் பொருந்தும். குறிஞ்சிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு தாயைப் பாலையிலே உட்கார வச்சவ நான்.

அடுத்த தடவை திட்டம் போட்டோம். முதல் வேலை, கேட்டதுதான். "அத்தை, உங்களுக்கு எதைப் பார்க்கணும்?" அவங்க சொன்னாங்க, "பேரன் சொன்னானே, கல்லாப் போன மரம், அதைக் காட்டு கண்ணு." பிள்ளைங்களுக்கு மலை ரயில் ஆசை. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஒரே நாளில் ரயிலும் பூங்காவும் சேராது என்று ரயிலைத் தள்ளி வைத்தோம். கூட்டம் நெரியும் மே மாத மலர்க் கண்காட்சியைத் தவிர்த்தோம். உள்ளே போனதும் முதலில் விசாரித்தது கழிப்பிடம் எங்கே என்று. மேலே ஏறுவதற்கு முறை வைத்தோம். எப்போதும் ஒருத்தர் அத்தை பக்கத்திலே.

2024 மே மாதம், உயர் நீதிமன்ற உத்தரவால் நீலகிரிக்கு இ-பாஸ் வந்தது. எத்தனை பேர், என்றைக்கு வர்றீங்கன்னு மலையே கேட்டது. மலை கேட்ட கேள்வியை மகனும் மருமகளும் கேட்க வேண்டாமா? (கைதட்டல்)

கடைசியா அந்த மரத்துக்கு முன்னாலே அத்தையைக் கொண்டுபோய் நிறுத்தினோம். "2 கோடி வருஷம் பழசுன்னு சொல்றாங்க பாட்டி"ன்னான் பேரன். அத்தை அதையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சாங்க. "அத்தனை வருஷமா தனியாக் கிடக்குதா கண்ணு? நான் மூணு மணி நேரந்தானே கிடந்தேன்!"

அந்தச் சிரிப்புக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

நடுவர் அவர்களே, திட்டம் என்பது நேரப் பட்டியல் இல்லை. வீட்டிலேயே மெதுவாக நடக்கிறவரின் காலை நினைத்துப் பார்ப்பதுதான் திட்டம். அதுதான் மகிழ்ச்சி என்று தீர்ப்பளியுங்கள்.