பழைய ஜீப்போடு வாழ்தல்



மதுரை நகரின் மேற்கே, தேனிச் சாலையை ஒட்டிய காளவாசலில் வாழ்பவன் நான். முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஓர் எம்.எம். 540 டீசல் ஜீப் என்னிடம் உண்டு. “ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கு மலையேறும் வண்டி எதற்கு?” என்று நண்பர்கள் வினவுவதுண்டு. அவ்வினாவை ஒட்டிச் சில சொல்ல விழைகின்றேன்.

ஜீப் போரில் பிறந்த வண்டி. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல் அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் அதனைப் படைக்கெனப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கிற்று. போர் ஓய்ந்தபின், 1940-களின் இறுதியில், மகிந்திரா நிறுவனத்தார் அவ்வண்டியின் உறுப்புகளைத் தருவித்துப் பம்பாயில் பூட்டலாயினர். முதலில் வந்தவை பெட்ரோல் வண்டிகள். டீசல் பின்னரே வந்தது. என் வண்டியில் உள்ளது பிரெஞ்சு நாட்டுப் பெஜோ அமைப்பைத் தழுவிய, 2112 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின்.

இவ்வகை வண்டியின் அருமையை அறியத் தேனி மாவட்டத்திற்குச் செல்ல வேண்டும். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு, வைகறையிலேயே ஜீப்புகள் மலையேறுகின்றன. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்தின் கற்பாதையில் இன்றும் ஜீப்பே துணை.

இனி எஞ்சினுக்குள் நோக்குவோம். ஜெர்மானியப் பொறியியலறிஞர் ருடால்ஃப் டீசல் 1897-இல் வெற்றியுடன் இயக்கிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கினால் அதன் வெப்பம் 500 பாகை செல்சியசையும் கடந்துவிடும். அதில் தூவப்படும் டீசல் தானே பற்றிக்கொள்ளும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்புறம் சுடுகிறதல்லவா? அதே பௌதிக உண்மைதான் இது. மார்கழிக் காலையில் உலோகம் குளிர்ந்திருப்பதால், ஹீட்டர் பிளக் சூடேறச் சில நொடி காத்திருந்தே வண்டியைக் கிளப்ப வேண்டும். எண்ணெய் முற்றும் தீர்ந்து குழாயில் காற்றுப் புகுந்துவிட்டாலோ, மீண்டும் எண்ணெய் ஊற்றினால் மட்டும் போதாது. கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றியாக வேண்டும்.

நான்கு சக்கரங்களுக்கும் விசை தரும் தனி நெம்புகோலும் இதில் உண்டு. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வழி செல்கின்றன. இரண்டையும் இறுகப் பிணைத்துவிட்டால் எங்கேனும் ஒரு சக்கரம் சற்று வழுக்கியே தீர வேண்டும். சேற்றில் அது எளிது. தார்ச்சாலையில் இயலாமையால் தண்டுகளும் பற்சக்கரங்களும் முறுகித் தேயும். ஆகவே சேற்றில் பூட்டி, சாலைக்கு வந்ததும் விடுவிப்பதே முறை.

நிற்க. அண்மையில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம், “ஐயா, உங்கள் வண்டியின் புகையை நாங்கள் ஏன் சுவாசிக்க வேண்டும்?” என்று கேட்டாள். நேர்மையான வினா. டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்திற்று. தில்லிப் பகுதியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடலாகாது எனப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்திற்று. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருத்தலாகாது. நான் ஊற்றுவதும் அந்த எண்ணெயே. எனினும் புதிய வண்டிகளில் உள்ள புகைக்கரி வடிகட்டி என் வண்டியில் இல்லை.

எனவே அவளுக்கு நான் சொன்ன விடை இது: “அம்மா, நகருக்குள் நான் நடப்பேன், அல்லது பேருந்தில் செல்வேன். ஆண்டிபட்டிக்கு அப்பால் என் மைத்துனரின் தோட்டத்திற்கு, ஐப்பசி மழையில் வேறு வண்டி செல்ல இயலாதபோதே ஜீப்பை எடுப்பேன். தெருவில் நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிடேன். காற்று வடிகட்டியையும் நாஸில்களையும் தவணை தவறாது பார்ப்பேன். அவை பழுதுபட்டால் கரும்புகை மிகும்.” பதினைந்தாண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கான சோதனையில் வண்டி தகுதியற்றதெனக் கண்டால் அன்றே அதனைக் கைவிடுவேன் என்றும் சொன்னேன். அவள் முழுதும் உடன்பட்டாள் என்று சொல்ல மாட்டேன். உடன்பட வேண்டுமென்பதும் இல்லை.

மாணவர்களே, நீங்கள் பயன்படுத்தும் பொறி எதுவாயினும் அதனைத் திறந்து பாருங்கள். எவ்வாறு இயங்குகிறதென்று ஆசிரியரிடமும் பட்டறைத் தொழிலாளரிடமும் கேளுங்கள். அது உங்களுக்குத் தரும் வசதியைக் கணக்கிடும்போதே, அண்டை வீட்டாருக்கு அதனால் நேரும் இடரையும் சேர்த்தே கணக்கிடுங்கள். அந்த மாணவியைப் போல் பெரியோரிடமும் அஞ்சாது கேளுங்கள்.