மர்மக் காய்ச்சல் யாருடைய மர்மம்?

(ஒடுகத்தூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



நம்மை இங்கு அழைத்த தோழர்கள் ஏதாவதொரு புராணத்தைப் பற்றிப் பேசுவோமென்று எதிர்பார்த்திருக்கக்கூடும். புராணம் எங்கும் ஓடிப்போய்விடாது. அதை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். மழை விட்டுப் பனி இறங்கும் மாதங்களில் மலையடிவாரத்து வீடுகளில் ஒரு காய்ச்சல் வந்து போகிறதே, அதைப் பற்றிப் பேசுவதுதான் இன்று அவசியமென்று நமக்குப் படுகிறது. நாம் வைத்தியம் படித்தவரல்ல. புத்தகங்களைப் பார்த்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறோம். தவறிருந்தால் தெரிந்தவர்கள் எழுந்து திருத்தலாம்.

இந்தக் காய்ச்சலுக்கு நம் ஜனங்கள் வைத்திருக்கும் பெயர்களுக்குக் குறைவில்லை. காற்று பட்டுவிட்டது என்கிறார் ஒருவர். உச்சிவேளையில் புதர்ப் பக்கம் போய்ப் பயந்துகொண்டாள் என்கிறார் இன்னொருவர். ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றாததால் வந்தது என்கிறார் பூசாரி. படித்தவர்களாகிய பத்திரிகைக்காரர்களோ இவற்றையெல்லாம் தள்ளிவிட்டு ‘மர்மக் காய்ச்சல்’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். பூசாரிக்காவது ஒரு காரணம் சொல்லத் தெரிந்தது. பத்திரிகைக்காரருக்கு அதுவும் தெரியவில்லை! மர்மம் என்பது வியாதியின் குணமா, அல்லது பார்க்காதவன் கண்ணிலுள்ள குறையா என்று யோசித்துப் பாருங்கள்.

நம் பக்கத்தில் வரும் இப்படிப்பட்ட காய்ச்சல்களில் முக்கியமான ஒன்று ஸ்க்ரப் டைபஸ் என்பது. தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். பெயர் அவ்வளவு சரியில்லை. ஆட்டுக் காதிலும் மாட்டு மடியிலும் பிடுங்கி எறிகிறோமே, அந்த உண்ணி அல்ல இது. புதரிலும், புல்லிலும், எலி நடமாடும் வரப்போரத்திலும் இருக்கிற மிகச் சிறு பூச்சியின் குஞ்சு. கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். அது கடிப்பது வலிக்காது. கடித்த இடத்தில் சிலருக்குச் சுருட்டு நெருப்பால் சுட்டதுபோல் கறுத்துப் பொருக்குத் தட்டிய ஒரு புண் உண்டாகும். பெரும்பாலும் அதுவும் வலிக்காது. சுமார் பத்து நாள் கழித்துக் காய்ச்சல், தலைவலி, இருமல், வாந்தி வரும். கவனிக்காமல் விட்டால் மூச்சுத் திணறும், புத்தி தடுமாறும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 2014-ல் வெளியிட்ட கணக்கில், 623 நோயாளிகளில் நூற்றுக்கு ஒன்பது பேர் இறந்திருக்கிறார்கள். கறுப்புப் புண் இருந்தது நூற்றுக்கு 43 பேருக்குத்தான்.

இதற்கு மருந்தில்லையா என்றால், இருக்கிறது. டாக்ஸிசைக்ளின் என்ற மாத்திரை. விலை சில காப்பிகளின் செலவுதான். கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின் கொடுக்கிறார்கள். ஆனால் பென்சிலின் வகையைச் சேர்ந்த ஊசிகளை எத்தனை குத்தினாலும் இந்தக் கிருமிக்கு உறைக்காது. அதாவது, வியாதியின் பெயர் தெரிந்தால் மலிவான மாத்திரையில் பிழைப்பான். தெரியாவிட்டால் விலை உயர்ந்த ஊசியிலும் சாவான்.

இனி நமது வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறோம். நமது தமக்கையார் புல்லறுக்கப் போகிறவர். அவருக்குக் காய்ச்சல் கண்ட நாலாம் நாள் நாம் போனபோது, மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தார். நாம் அந்த அம்மாளைப் பத்துப் பேருக்கு முன்னால் ஏசி, கயிற்றை அறுத்தெறிந்துவிட்டு, ஒரு டவுனுக்கு அழைத்துப் போனோம். அங்கே ரத்தம் எடுத்து ‘டைபாய்டு’ என்று ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். நாம் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பகுத்தறிவு ஜெயித்ததென்று சந்தோஷப்பட்டோம். ஐந்து நாள் ஊசி போட்டார்கள். அவர் உடம்பை யாரும் பார்க்கவில்லை. வைத்தியர் ஆண், தமக்கையாருக்கோ கூச்சம், நாமோ தம்பி. மூச்சு முட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபிறகு, புடவை மாற்றிய நர்ஸ் அம்மாள்தான் மார்புக்குக் கீழே அந்தக் கறுப்புப் பொருக்கைப் பார்த்து, “இது எத்தனை நாளாய் இருக்கிறது?” என்று கேட்டார். அப்பொழுதே மருந்தை ஆரம்பித்தார்கள். இரண்டாம் நாள் இரவு இறந்துபோனார். மாமியார் நம்மை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கயிற்றை நம்பினார், நாம் சீட்டை நம்பினோம். இருவருமே கேள்வி கேட்கவில்லை.

அந்தச் சீட்டின் யோக்கியதை என்ன? அது விடால் சோதனை, 1896-ல் வந்தது. முன்னெப்போதோ டைபாய்டு கிருமி பட்டிருந்தாலும், வேறு காய்ச்சலாக இருந்தாலும்கூட அது ‘உண்டு’ என்று சொல்லிவிடக்கூடும். ஒரே ஒரு விடாலை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஸ்க்ரப் டைபஸுக்குப் பழைய சோதனை வெயில்–பெலிக்ஸ் என்பது; அது 1916-ல் வந்த முறை. அதில் இந்தக் கிருமியையே வைத்துப் பார்ப்பதில்லை. சம்பந்தமில்லாத வேறொரு கிருமி தற்செயலாக ஒத்துப்போவதைக் கொண்டு பார்க்கிறார்கள். திருடனை அவன் ஜாடையுள்ள பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டித் தேடுவதைப் போன்றது, பலரை விட்டுவிடும். இப்பொழுது எலைசா என்ற நல்ல சோதனை இருக்கிறது. அதுவும் உடம்பு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிய பிறகே காட்டும். அதற்கு ஒரு வாரம்போல் ஆகும். ஆகையால் மூன்றாம் நாள் ‘இல்லை’ என்று வந்தால் வியாதி இல்லையென்று ஆகிவிடாது. பொருக்கையே எடுத்துப் பிசிஆர் முறையில் கிருமியைக் காண்பதும் உண்டு. புண்ணைக் கண்ட வைத்தியர் இதற்கெல்லாம் காத்திராமலே மருந்தைத் தொடங்கிவிடுவார்.

நமக்குத்தான் இப்படி, வெள்ளைக்காரர்கள் எல்லாம் அறிந்தவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1976 ஜூலையில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஓட்டலொன்றில் பழைய சிப்பாய்கள் மாநாடு கூடினார்கள். கலைந்து வீடு போனபின் பலர் நிமோனியாவில் விழுந்தார்கள். அந்த ஓட்டலையொட்டி இறந்தவர் 34 பேர். விஷம் என்றார்கள், சதி என்றார்கள். ஆறு மாதம் கழித்து, 1977 ஜனவரியில், மெக்டேட் என்பவரும் ஷெப்பர்டு என்பவரும் அது ஒரு கிருமி என்று வெளியிட்டார்கள். மெக்டேட் நம் உண்ணிக் காய்ச்சலின் உறவுக் கிருமிகளை ஆராய்ந்து வந்தவர். லீஜனேர்ஸ் நோய் என்று பெயரிட்டார்கள். தண்ணீரில் வளர்ந்து, நீர்த்துளியோடு மூச்சில் ஏறுவது. இதில் நமக்கு முக்கியமானது வேறு. 1965-லும் 1968-லும் காரணம் தெரியாமல் வந்த இரண்டு காய்ச்சல்களின் ரத்தத்தை அவர்கள் கொட்டிவிடாமல் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். எடுத்துச் சோதித்தபோது அவையும் இதே கிருமியென்று தெரிந்தது. ‘தெரியவில்லை’ என்று ஒழுங்காக எழுதிவைத்தவனுக்குப் பின்னால் தெரிந்தது!

அப்படி எழுதிவைக்கும் காரியம் நம் ஜில்லாவுக்குப் புதிதல்ல. 1980-களில் பழைய வடஆற்காட்டில் டாக்டர் ஜேக்கப் ஜான் முதலியவர்கள் ‘நதி’ என்ற ஏற்பாட்டை நடத்தினார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியும் தனியாரும் தாம் பார்த்த முக்கிய வியாதிகளை அஞ்சலட்டையில் எழுதிப் போட, அதைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். 2004 முதல் தேசம் முழுவதற்கும் சர்க்கார் ஏற்பாடு உண்டு. கிராம சுகாதார ஊழியருக்கு எஸ் தாள், வைத்தியருக்கு பி தாள், சோதனைக்கூடத்துக்கு எல் தாள் என்று பிரித்து அதை ஆரம்பித்தார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பீஞ்சமந்தையிலோ ஜார்தான்கொல்லையிலோ மலைமேல் ஒருவர் காய்ச்சலில் இறந்து, ரத்தம் எடுக்காமலே அடக்கமாகிவிட்டால், அவர் சோதனைக்கூடத்துத் தாளில் ஏற மாட்டார். கணக்கில் ஏறாத வியாதிக்குச் சோதனைச் சாமான் வராது. சாமான் வராததால் வியாதி கணக்கில் ஏறாது. தேடினால் அகப்படுகிறதா என்றால், 2020 முதல் 2022 வரை தமிழ்நாட்டில் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரைத் தொடர்ந்து கவனித்துப் பார்த்ததில், வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்துப் பேர் வரை இந்தக் கிருமி படுகிறதென்று தெரிந்தது. நல்லவேளையாக அவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சலே வருவதில்லை.

தாய்மார்களே! காய்ச்சல்காரரின் அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடி, இடுப்பில் கயிறோ பாவாடை நாடாவோ படியும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். பெண்ணைப் பெண்கள் பாருங்கள். புல்லுக்கும் விறகுக்கும் போனதை வைத்தியரிடம் சொல்லி, “ஸ்க்ரப் டைபஸ் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். கேட்டால் கோபிப்பாரே என்று பயப்பட வேண்டாம்.

மலைக் கிராமத்துத் தோழர்கள் அடுத்த கிராமசபையில் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த வருஷம் நம் ஊர்க் காய்ச்சல்காரர்களில் எத்தனை பேருடைய ரத்தம் சோதனைக்குப் போயிற்று, என்ன பதில் வந்தது? பதிலை எழுதி வாங்குங்கள். எழுதத் தெரிந்த தோழர்கள் இருவர் கூட வருவதாக இப்பொழுதே நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். எந்தெந்த ஊருக்கு என்பதைக் கூட்டம் முடிந்ததும் அவர்களிடம் பேசிக்கொள்ளுங்கள்.