அப்பியப் பெருவழி
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



கோயிலையும் கோட்டையையும் பேணுவோர் எந்நாட்டிலும் உளர். காலால் மிதிபடும் சாலையைப் பேணுவோர் யாவர்? இதற்கு விடையாக, உரோமாபுரியின் அப்பியப் பெருவழியைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

கி.மு. 312-இல் அப்பியஸ் கிளாடியஸ் என்னும் உரோம அதிகாரி இதனைத் தொடங்கினார். முதற்கண் காப்புவா நகர் வரை, ஏறத்தாழ 195 கிலோமீட்டர் சென்ற சாலை, பின்னர் அத்திரியாட்டிக் கடற்கரைத் துறைமுகமாகிய பிருந்திசியம் வரை நீண்டது. தொடக்கத்தில் அது சரளை பரப்பிய வழியே; எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கற்களைப் பின்னரே பாவினர். அகலம் சுமார் 4 மீட்டர். எதிரெதிரே வரும் வண்டிகள் இரண்டு தடையின்றிச் செல்லலாம். சக்கரங்கள் தேய்த்த தடங்களை அக்கற்களில் இன்றும் காணலாம்.

நகருக்குள் பிணம் அடக்குதலை உரோமச் சட்டம் தடுத்தது. ஆதலின் செல்வர்கள் தம் கல்லறைகளை இச்சாலையோரம் எழுப்பினர். பேரரசு வீழ்ந்தபின், அவற்றின் சலவைக்கற்களைப் பிறர் பெயர்த்துச் சென்றனர். செசீலியா மெட்டெல்லா என்னும் மாதரசியின் வட்டக் கல்லறை பெரும்பாலும் தப்பியது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைக் கோட்டையின் ஓர் அங்கமாக்கிக் கொண்டனர்; பயன்பட்டதால் பிழைத்தது.

கிடைத்த சிற்பங்களை அருங்காட்சியகத்திற்குக் கொண்டு செல்வதே வழக்கமாயிருந்த காலத்தில், சிற்பி கனோவா புதுநெறி காட்டினார். 1808-இல் ஒரு கல்லறையின் சிதறிய துண்டுகளை அவ்விடத்திலேயே சுவரெழுப்பிப் பதித்தார்.

இருபதாம் நூற்றாண்டில் வேறோர் இடர் நேர்ந்தது. சாலையின் இருமருங்கும் செல்வர் மாளிகைகள் எழலாயின. அந்தோனியோ செடெர்னா என்னும் எழுத்தாளர் 1953 முதல் பல்லாண்டுகள் இதனை எதிர்த்து எழுதினார். 1960-ஆம் ஆண்டு ஒலிம்பிக் மாரத்தானில், எத்தியோப்பிய வீரர் அபெபே பிக்கிலா இவ்வழியே வெறுங்காலுடன் ஓடி வென்றதை உலகம் வியந்தது. ஆயினும் கட்டடங்கள் எழுவது நிற்கவில்லை. 1988-இல்தான் இப்பகுதி காக்கப்படும் பூங்காவாயிற்று. 2002-இல் சாலையோர மாளிகை ஒன்றை அரசே விலைக்கு வாங்கியது. செடெர்னாவின் ஏடுகள் இன்று அங்கேதான் இருக்கின்றன. 2024-இல் யுனெஸ்கோ இப்பெருவழியை உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது.

அன்பர்களே! கல் உறுதியானதுதான், ஆயினும் கல்லின் உறுதி மட்டுமே இச்சாலையைக் காக்கவில்லை. நாம் குடியேறி வாழும் ஊர்களிலும் பழங்கிணறுகளும் மதில்களும் வழியோரச் சத்திரங்களும் உண்டு. கட்டியவர் எம்மொழியினர் என்று பாராமல், விடுமுறை நாளில் நம் குழந்தைகளை அழைத்துச் சென்று அவற்றைக் காட்டுவோமாக. ஓரிடத்தின் பழமையை அறிந்தவர்க்கு அவ்விடம் அயலூர் ஆகாது.