லா மாசியாவில் பெண் பிள்ளைகள்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



இன்று உதைபந்தாட்ட விடுதியொன்றைப் பற்றிப் பேசுகிறோம். 1702இல் கட்டப்பட்ட பண்ணை வீடொன்றை பார்சலோனாக் கழகம் 1979இல் இளம் வீரர்களின் விடுதியாக்கியது. பெயர் லா மாசியா. தூர ஊர்ப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்துக்கொண்டே பயிற்சி பெறுவார்கள். 12 வயதில் வந்த இனியெஸ்ரா வீட்டை நினைத்து அழுதாராம். நமது விடுதியில் இருந்தவர்களுக்கு இது விளங்கும். 2010இல் பலோன் டோர் விருதுக்கு இறுதியாக நின்ற மெஸி, இனியெஸ்ரா, சாவி மூவரும் அக்கழகம் வளர்த்த பிள்ளைகளே.

பெண் பிள்ளைகளுக்கு அங்கே கட்டில் கிடைத்தது 2021இல்தான். 42 வருடங்கள்! அந்தக் கட்டில் இல்லாமலே அக்கழகத்தில் வளர்ந்த அய்தானா பொன்மத்தி, 2023 முதல் தொடர்ந்து மூன்று முறை பெண்களுக்கான பலோன் டோர் வென்றார்.

கட்டில் மட்டும் போதாது. வைத்தியத்துறையில் இருக்கும் நாங்கள் இதை அழுத்திச் சொல்லவேண்டும். பெண்களுக்கு முழங்காலின் உள்ளே இருக்கும் இணையம் அறுவது ஆண்களைவிடக் கூடுதல். 2022இல் அலெக்சியா புத்தெயாஸுக்கும் அதுவே நடந்தது. துள்ளி இறங்கும் முறையையும் திரும்பும் முறையையும் சிறு வயதிலேயே பழக்கினால் பலவற்றைத் தடுக்கலாம். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாத பிள்ளைக்கு மாதவிடாய் நிற்கும், எலும்பும் மெலியும். "விளையாடுகிற பிள்ளைக்கு அப்படித்தான்" என்று தாய்மார் விட்டுவிடுகிறார்கள். அது தவறு.

நமது மைதானத்துக்குச் சங்கம் பணம் சேர்க்கப்போகிறது. அந்தப் பட்டியலில் சப்பாத்துக்கு முன்னால் பிள்ளைகளின் மாலைச் சாப்பாட்டை எழுதும்படி கேட்கிறோம்.