ஓய்வுக்கு ஒரு மலை



வாரம் முழுவதும் உழைத்தவன் வார இறுதியில் எங்கே போகிறான் என்று கேட்டால், அவன் வாழும் நாட்டைப் பற்றிப் பாதியளவு அறிந்துகொள்ளலாம். நோர்வே நாட்டவன் குளிர்காலத்துச் சனிக்கிழமை விடிந்ததும் இரண்டு நீண்ட பலகைகளைத் தோளிலே சுமந்துகொண்டு, தன் ஊருக்கு அண்மையிலுள்ள மலைக்குப் போகிறான். அவற்றைக் காலிலே பூட்டிக்கொண்டு, உறைபனி மூடிய சரிவிலே சறுக்கி மகிழ்கிறான். 'ஸ்கீ' என்று இன்று உலகெங்கும் வழங்கும் சொல் அவர்கள் மொழியிலிருந்து வந்ததே. பிளந்த மரத்துண்டு என்பது அதன் பழம்பொருள். காஷ்மீரத்துக் குல்மார்க்கிலும் இவ்விளையாட்டு நடைபெறுகிறது. இதில் என் மனத்தைக் கவர்ந்தது சறுக்குவதன்று. பெரிய சிகரங்களைத் தேடிப் போகாமல், பழகிய மலை ஒன்றையே மீண்டும் மீண்டும் நாடிப் போகிறார்களே, அந்த வழக்கந்தான்.

நமது இலங்கையில் உறைபனி பொழிவதில்லை. ஆயினும், தமிழிலே பனி என்னும் சொல்லுக்குப் பொருள் ஒன்றன்று அல்லவா? புல்லின் நுனியில் நிற்பதும் பனி. மலைமுகட்டை மூடுவதும் பனி. அந்த வகையிலே மாத்தளை மக்களுக்கும் ஒரு பனிமலை உண்டு. மடக்கிய கையின் விரல் முட்டிகளைப் போலச் சிகரங்கள் வரிசையாக நிற்பதைக் கண்ட ஆங்கிலேயர் அதற்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர். சிங்கள மக்கள் தும்பறை மலை என்கின்றனர். மூடுபனி தவழும் மலை என்று அதற்குப் பொருள் கூறுவர். அதன் உயர்ந்த சிகரம் 1900 மீற்றருக்கும் மேற்பட்டது.

சென்ற ஆண்டு ஆடி மாதத்திலே, ஒரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அம்மலையிலே கழித்தேன். என் மகளும் உடன் வந்தாள். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் என் தாய்மாமனையும் அழைத்துக்கொண்டோம். அவருக்கு வயது எழுபத்தெட்டு. "வாருங்கள் மாமா, இரண்டு நாள் மலையில் இளைப்பாறிவிட்டு வருவோம்" என்றேன். அவர் சிரித்தார். "மலையிலே இளைப்பாறுவதா? நல்ல கதை, தம்பி!" என்றார். அச்சிரிப்பின் காரணம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

மாத்தளை நகரம் கண்டியிலிருந்து வரும் புகைவண்டிப் பாதை முடியும் இடம். 1880ஆம் ஆண்டிலே அப்பாதை திறக்கப்பட்டது. அதற்கு முன்னரே, கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி, கால்நடையாகவே இவ்வூரை வந்தடைந்தனர். நோயினாலும் பசியினாலும் வழியிலே வீழ்ந்தவர் பலர். எஞ்சியவர் கண்ட முதல் மலைநகரம் மாத்தளை. இங்குள்ள முத்துமாரியம்மன் கோயிலில் மாசிமகத்தன்று ஐந்து தேர்கள் வீதிவலம் வரும்போது, அவ்வழிநடையையும் நினைத்துக்கொள்வது நமது கடமையாகும்.

நகரிலிருந்து ரிவர்ஸ்டன் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரம். இரத்தோட்டையைத் தாண்டியதும் வழி வளைந்து வளைந்து ஏறுகிறது. மிளகுக் கொடி படர்ந்த வீட்டுத் தோட்டங்கள் கீழே நிற்க, தேயிலை வருகிறது. தேயிலையும் முடிந்தபின் காடு வருகிறது. பம்பரகிரி நீர்வீழ்ச்சியின் அருகே சற்று நின்று, மேலே போனோம். கணவாயை நெருங்கியபோது, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாதபடி பனிமூட்டம் சூழ்ந்துகொண்டது. மரங்களெல்லாம் காற்றுக்கு வணங்கிக் குறுகி, ஆளுயரத்தில் நின்றன. அவற்றின் கிளைகளிலே பாசி தொங்கியது.

யாழ்ப்பாணத்து நேயர்கள் சோளகம் என்றும், மட்டக்களப்பு நேயர்கள் கச்சான் என்றும் சொல்லும் காற்றுத்தான் இது. கடலிலிருந்து ஈரத்தோடு வரும் இக்காற்று மேற்குச் சரிவிலே ஏறும்போது குளிர்ந்து மழையாகப் பெய்துவிடுகிறது. முகட்டைத் தாண்டி இறங்கும்போது அது வறண்டு, வெப்பமடைந்து, கிழக்கு நோக்கி ஓடுகிறது. ஆகவே, கணவாயின் இப்பக்கம் நடுங்கிக்கொண்டு நின்ற நாங்கள், சிறிது தூரம் இறங்கியதும் நல்ல வெயிலைக் கண்டோம். "அப்பா, யாரோ திரையை விலக்கிவிட்டார்கள்!" என்று என் மகள் கைகொட்டினாள்.

மூட்டத்தைக் கடக்குமுன் ஓரிடத்தில் மாமா வண்டியை நிறுத்தச் சொன்னார். வழியோரத்திலே செடிகொடிகளுக்கிடையில் ஒரு கற்சுவரின் அடிப்பாகம் தெரிந்தது. "இது ஏலக்காய் உலர்த்தும் கொட்டகை, தம்பி. பதினான்கு வயதிலே இங்கே வேலைக்கு வந்தேன்" என்றார்.

நேயர்களே, ஏலம் நிழலை விரும்பும் பயிர். பெருமரங்களை விட்டுவிட்டு, கீழேயுள்ள செடிகளையும் இளங்கன்றுகளையும் வெட்டியகற்றி, அவ்விடத்தில் அதனை நடுவார்கள். காய்கள் செடியின் அடியிலே, தரையை ஒட்டிக் காய்க்கும். ஆகையால், அவற்றைப் பறிப்பவர் நாள் முழுவதும் குனிந்தே நிற்கவேண்டும். மேலே மழை, கீழே அட்டை. பறித்த காய்களை உலர்த்த இரவும் பகலும் விறகு எரியவேண்டும். அவ்விறகும் அக்காட்டிலிருந்தே வரவேண்டும். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குக் காடு காடாகவே தோன்றும். ஆனால் முதிய மரம் விழுந்தால் அதன் இடத்தை நிரப்ப இளமரம் இராது. பிள்ளைகள் இல்லாத வீடு போன்றது அந்தக் காடு.

இதனை உணர்ந்தே, சென்ற நூற்றாண்டின் எண்பதுகளிலிருந்து ஏலப் பயிர்ச்செய்கை படிப்படியாகத் தடுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டிலே இம்மலைக்காடு பாதுகாப்பு வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக ஏற்றபோது, சிவனொளிபாத மலைக்காட்டோடும் ஹோர்ட்டன் சமவெளியோடும் இதுவும் இடம்பெற்றது. இங்கு மூக்கின் நுனியில் இலை போன்ற உறுப்பையுடைய ஓணான் ஒன்று உண்டு. பாறையில் கசியும் மெல்லிய நீரிலே வாழும் புள்ளித் தவளை ஒன்றும் உண்டு. இவ்விரண்டையும் உலகில் வேறெந்த மலையிலும் காணமுடியாது. இங்கே பிறக்கும் ஓடைகள் மகாவலியிற் சேர்ந்து திருகோணமலைக் கடல்வரை போகின்றன. ஆகவே, தடை நியாயமானதே. அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் மாமா அச்சுவரைத் தடவிக்கொண்டே சொன்னார்: "காடு நன்றாகத்தான் வந்திருக்கிறது, தம்பி. நாங்கள் எங்கே போனோம் என்றுதான் அதற்குத் தெரியாது." என்னிடம் மறுமொழி இல்லை.

அன்றிரவு இலுக்கும்புறைக் கிராமத்து வீடொன்றில் தங்கினோம். மறுநாட் காலை, சிறிது தூரம் திரும்பி வந்து பிட்டவல பத்தனைக்குச் சென்றோம். பாறையின்மீது மெல்லிய மண் படிந்து, அதன்மேல் முழங்காலளவு புல் வளர்ந்த வெளி அது. முடிவிலே நிலம் சட்டென்று பள்ளத்தாக்கில் விழுகிறது. காற்று புல்லின்மேல் ஓடும்போது முழு வெளியும் ஓர் ஆறுபோல் அசைந்தது. நோர்வேக்காரன் சறுக்கும் சரிவு இத்தனை அழகுடையதோ, நானறியேன்.

மகள் ஓடினாள். நான் நடந்தேன். மாமா மட்டும் வழியோரத்திலே நின்றுகொண்டேயிருந்தார். "தாத்தா, ஏன் நிற்கிறீர்கள்? உட்காருங்கள்!" என்றாள் குழந்தை. அவர் தயங்கித் தயங்கி ஒரு பாறையிலே அமர்ந்தார். சிறிது நேரங்கழித்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "இருபத்தைந்து வருஷம் இந்த மலையிலே ஏறி இறங்கினேன், தம்பி. பகலிலே ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் பெயர் வெட்டிவிடுவார்கள்."

தோட்டத்து வாழ்வை அறியாத நேயர்களுக்காகச் சொல்கிறேன்: பெயர் வெட்டுவதென்றால் அன்றைய கூலி இல்லை என்று பொருள். முதல்நாள் அவர் சிரித்த சிரிப்பு எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

அன்று வேறெங்கும் போகவில்லை. நீர்வீழ்ச்சிகளைப் பார்க்கும் திட்டம் ஒன்று வைத்திருந்தேன், அதைக் கைவிட்டேன். நண்பகல்வரை மூவரும் அப்பாறையிலேயே இருந்தோம். கொண்டுபோன ரொட்டியையும் சம்பலையும் உண்டோம். எந்தச் சரிவிலே எந்த ஓடை பிறக்கிறது, எங்கே மழைக்கு ஒதுங்கலாம் என்றெல்லாம் மாமா சொல்லிக்கொண்டேயிருந்தார். எந்த வழிகாட்டி நூலிலும் காணக்கிடைக்காத செய்திகள் அவை.

நேயர்களே, விடுமுறைக்கு மலைக்குப் போகின்றவர்கள் இன்று பெருகிவருகின்றனர். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். போகிறவர்கள் பொலித்தீன் பைகளை அங்கே விட்டு வரவேண்டாம். மெல்லிய மண்ணை மிதித்துப் புதுவழி போடவேண்டாம். இவை எல்லோரும் சொல்பவை. நான் வேண்டிக்கொள்வது இன்னும் ஒன்று. அம்மலையிலே உழைத்து முதிர்ந்தவர் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால், அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வேகமாக நடக்காதீர்கள். அவர் உட்கார விரும்பும் இடத்திலே நீங்களும் உட்காருங்கள்.

திரும்பி வரும்போது கணவாயில் மீண்டும் பனி சூழ்ந்தது. இறங்குமுன் மாமா கேட்டார்: "அடுத்த மாதமும் வருவோமா, தம்பி?"