திரையில் அச்சம் பிறக்கும் விதம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பேச வல்லவர்கள் பலர் இந்த அவையில் இருக்க, எளியேனைத் திரைப்படக் கலையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். திரைப்படக் கலையோ பெருங்கடல். எனக்குக் கிடைத்திருப்பது சிறிது நேரம். ஆகவே ஒரே ஒரு படத்தில் வரும் ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அதில் அச்சம் எவ்வாறு படிப்படியாக வளர்க்கப்படுகிறது என்பதை மட்டும் சொல்ல விழைகின்றேன்.

அச்சம் என்னும் மெய்ப்பாடு நான்கு காரணங்களால் பிறக்கும் என்று தொல்காப்பியர் வகுத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அவை. பறவை அந்த வரிசையில் இல்லை. அதிலும் காக்கையைக் கண்டு யார் அஞ்சுவார்? நம் இல்லங்களில் சோறு வடித்தவுடன் முதற்கவளம் காக்கைக்குத்தான். காக்கை கரைந்தால் விருந்து வரும் என்று மகிழ்ந்த மரபு நம்முடையது. அத்தகைய காக்கையைக் காட்டியே ஒரு கொட்டகை முழுவதையும் மூச்சடக்கி உட்கார வைத்தார் ஆல்பிரட் ஹிட்ச்காக். 1963-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி பேர்ட்ஸ்' என்பது அந்தப் படம். டாஃப்னி டு மோரியர் எழுதிய சிறுகதையை அடிப்படையாகக் கொண்டது.

கலிபோர்னியாவின் கடற்கரையிலே போடேகா பே என்னும் சிற்றூர். அங்கே பறவைகள் காரணம் ஏதுமின்றி மனிதரைத் தாக்கத் தொடங்குகின்றன. தன் வீட்டிலேயே பறவைகளால் கொல்லப்பட்டுக் கிடக்கும் ஒரு விவசாயியை நாம் சற்றுமுன் பார்த்துவிட்டோம். அதன் பிறகுதான் நான் குறிப்பிடும் காட்சி வருகிறது. பறவை கொல்லும் என்னும் அறிவு நம் உள்ளத்தில் முதலில் ஊன்றப்படுகிறது. இஃது இல்லையேல் அடுத்து வரும் காக்கை வெறும் காக்கையாகவே இருந்திருக்கும்.

இப்போது காட்சியைக் காண்போம். மெலனி என்னும் இளம்பெண் ஒரு சிறுமியை அழைத்துச் செல்லப் பள்ளிக்கு வருகிறாள். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் டிப்பி ஹெட்ரன். உள்ளே குழந்தைகள் பாடிக்கொண்டிருக்கிறார்கள். பாடம் முடியட்டும் என்று வெளியே வந்து, விளையாட்டுத் திடலின் ஓரத்தில் ஒரு பெஞ்சில் அமர்ந்து சிகரெட் பற்றவைக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னே, குழந்தைகள் ஏறி விளையாடும் இரும்புக் கம்பிச் சட்டம் ஒன்று நிற்கிறது. அதன்மேல் ஒரு காக்கை வந்து அமர்கிறது. அவள் பார்க்கவில்லை, நாம் பார்க்கிறோம்.

மீண்டும் அவள் முகம். மீண்டும் கம்பிச் சட்டம். இப்போது சில காக்கைகள். மீண்டும் அவள்; மீண்டும் சட்டம்; இன்னும் சில. இவ்வாறு மாறி மாறிக் காட்டிப் பழக்கிய பிறகு, இயக்குநர் திடீரென்று அந்தப் பழக்கத்தை நிறுத்திவிடுகிறார். காமிரா அவள் முகத்திலேயே நெடுநேரம் நிற்கிறது. அவள் புகைக்கிறாள், பள்ளிப் பக்கம் பொறுமையின்றித் திரும்பிப் பார்க்கிறாள். வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் நம் உள்ளம் பின்னாலுள்ள சட்டத்திலேயே இருக்கிறது. இப்போது எத்தனை வந்திருக்கும் என்று எண்ணித் தவிக்கிறோம். காட்டாத காக்கைகளை நாமே வரவழைத்துக்கொள்கிறோம்!

பிறகு அவள் வானத்தில் தனியே பறந்து வரும் ஒரு காக்கையைக் காண்கிறாள். அவள் கண் அதைத் தொடர்கிறது. அவள் கண்ணோடு நம் கண்ணும் செல்கிறது. அது பறந்துபோய்ச் சட்டத்தில் அமரும்போதுதான் முழுமையும் தெரிகிறது. சட்டம் நிறையக் காக்கைகள், கம்பியே கறுத்துப் போகும் அளவுக்கு! உயிருள்ளவற்றோடு பொம்மைக் காக்கைகளையும் கலந்து வைத்து எடுத்தார்கள். சில அசைந்தால் போதும். எல்லாம் உயிருள்ளவை என்றே கண் நம்பிவிடும். ஒளிப்பதிவாளர் ராபர்ட் பர்க்ஸ், படத்தொகுப்பாளர் ஜார்ஜ் டோமாசினி ஆகிய இருவரின் கைத்திறனும் இங்கே இயக்குநரின் எண்ணத்துக்கு உறுதுணை ஆகின்றன.

ஒலியைக் கவனியுங்கள். இந்தப் படத்தில் பின்னணி இசை என்பதே கிடையாது. பறவைகளின் ஒலிகள் பல மின் இசைக் கருவியால் உண்டாக்கப்பட்டவை. அச்சமூட்டும் இந்தக் காட்சியில் நாம் கேட்பதோ குழந்தைகளின் பாட்டு மட்டுமே. அது முடிவது போல் தோன்றி மீண்டும் தொடர்கிறது. அந்தக் கள்ளமற்ற குரல்களே கால அளவாக நிற்கின்றன: பாட்டு முடிந்தால் குழந்தைகள் வெளியே வருவார்கள், வெளியே காத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. நம் நாட்டிலும் இத்தகைய துணிவு உண்டு. 1954-இல் 'அந்த நாள்' என்னும் மர்மப் படத்தை ஒரு பாட்டுகூட இல்லாமல் இயக்கிய எஸ். பாலசந்தர், பெரும் வீணைக் கலைஞர் என்பதை நாம் பெருமையுடன் நினைக்க வேண்டும்.

மெலனி உள்ளே ஓடி ஆசிரியையிடம் செய்தியைச் சொல்கிறாள். குழந்தைகளை அமைதியாக வெளியேற்ற முடிவு செய்கிறார்கள். வேறோர் இயக்குநராக இருந்தால் காமிராவும் குழந்தைகளோடு ஓடியிருக்கும். ஹிட்ச்காக் அதைக் காக்கைகளிடமே நிறுத்துகிறார். அவை அசையாமல் அமர்ந்திருக்கின்றன. எங்கும் அமைதி. சட்டென்று ஓடும் கால்களின் ஓசை கேட்கிறது, காக்கைகள் எழுகின்றன. அந்தக் கணத்தில் நம் நெஞ்சு படும் பாட்டை வருணிக்க என்னால் இயலாது.

இந்த நுட்பத்தின் விதியை ஹிட்ச்காக்கே விளக்கியிருக்கிறார். பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ 1962-இல் அவரோடு உரையாடியவை 1966-இல் நூலாக வந்தன. மேசையின் கீழே வெடிகுண்டு இருப்பதை அறியாமல் சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கும் தெரியாவிட்டால், அது வெடிக்கும்போது 15 விநாடித் திடுக்கீடு. நமக்கு மட்டும் தெரிந்திருந்தால், அவர்களின் சாதாரணப் பேச்சே நமக்கு 15 நிமிடத் துடிப்பு. இரண்டிலும் குண்டு ஒன்றுதான். அறிவு யாரிடம் இருக்கிறது என்பதே வேறுபாடு.

அன்பர்களே, இதனை நான் படம் பார்த்துக் கற்பதற்கு முன்பே வாழ்க்கையில் கற்றேன். ஊரைவிட்டு வந்த புதிதில், நானும் ஒரு நண்பரும் ஓர் அறையில் குடியிருந்தோம். ஒரு நாள் காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. கையொப்பமிட்டு வாங்கிப் பிரித்தேன். அவருடைய தந்தையார் மறைந்துவிட்டார். நண்பர் பாடிக்கொண்டே வெளியே வந்தார். இலையில் சோறு வைத்தாயிற்று. உண்டு முடிக்கட்டும், பிறகு சொல்வோம் என்று தந்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவரோ, அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது அப்பாவுக்கு ஒரு கம்பளிப் போர்வை வாங்க வேண்டும் என்றார். இன்னும் கொஞ்சம் மோர் கேட்டார். பத்து நிமிடம் இருக்கலாம். என் வாழ்நாளில் அத்துணை நீண்ட பத்து நிமிடத்தை நான் அறியேன். அவர் கண்ணுக்கு அது எப்போதும் போன்ற காலை. எல்லாம் அறிந்தவன் நான். செய்யத்தக்கது ஒன்றும் இல்லாதவனும் நானே.

பல ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பெஞ்சில் அமர்ந்திருந்த பெண்ணைத் திரையில் கண்டபோது, அந்தக் காலை எனக்கு நினைவு வந்தது. அப்போதுதான் விளங்கிற்று. அங்கே நான் பட்ட துன்பம் என் உயிருக்கு அஞ்சியது அன்று. நண்பர்மேல் வைத்த அன்பே அந்தப் பத்து நிமிடத்தை நீட்டியது. திரையிலும் அவ்வாறே. அந்தக் குழந்தைகளின் பாட்டில் நமக்குப் பரிவு பிறந்திராவிட்டால், ஆயிரம் காக்கைகள் வந்தாலும் நாம் கடலை கொறித்துக்கொண்டிருப்போம்.

நம் இளங்கோவடிகளும் இதனை நன்கு அறிந்தவர். கோவலன் சிலம்பை விற்க மதுரைக் கடைத்தெருவுக்குப் புறப்படுகிறான். வழியில் ஏறு ஒன்று எதிர்வருகிறது. அது தீய குறி என்பதை அவன் அறியான் என்று நமக்கு மட்டும் சொல்கிறார் அடிகள். அரசியின் சிலம்பைத் திருடியவனே எதிர்ப்படும் பொற்கொல்லன் என்பதும் நமக்குத் தெரியும், கோவலனுக்குத் தெரியாது. அவன் நம்பிச் சிலம்பை எடுத்துக் காட்டும்போது, போகாதே, காட்டாதே என்று நம் உள்ளம் கதறுகிறது. கதை முடிவு அறிந்தும் தலைமுறை தலைமுறையாகக் கதறுகிறது.

ஆகவே இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். குருதியையும் கூச்சலையும் கொட்டி மிரட்டும் படங்களைக் கண்டு, அதுவே திறமை என்று மயங்காதீர்கள். திடுக்கிட வைப்பது எளிது. ஒரு பானையைக் கீழே போட்டாலும் திடுக்கிடுவோம். பிறருக்காக நம்மை அஞ்ச வைப்பதே அரிய கலை. அடுத்த முறை ஒரு மர்மப் படம் பார்க்கும்போது, இயக்குநர் எதை நமக்குச் சொன்னார், எதை மறைத்தார், எவ்வளவு நேரம் காக்க வைத்தார் என்று எண்ணிப் பாருங்கள். படமும் விளங்கும், நம் நெஞ்சும் நமக்கு விளங்கும்.