முதல் துளியிலேயே உயிர்

(உலகத் தாய்ப்பால் வாரத்தை முன்னிட்டு நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில், நமது குழந்தைகள் நல மருத்துவர் ஆற்றிய உரை)





தாய்ப்பால் சிறந்த உணவு என்பதை அனைவரும் அறிவோம். அது உயிருள்ள உணவு என்பதைப் பலர் அறியார். ஒவ்வொரு மில்லிலிட்டர் பாலிலும் தாயின் உயிருள்ள செல்கள் ஆயிரக்கணக்கில், சில வேளை இலட்சக்கணக்கில் இருக்கின்றன.

இந்தச் செல்கள் எப்போதும் ஒரேவிதமாக இருப்பதில்லை. பிரசவித்த முதல் சில நாட்களில் ஊறும் மஞ்சள் நிறச் சீம்பாலில், நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் மிகுந்திருக்கும். நாட்கள் செல்லச் செல்ல அவை குறைந்து, பால் சுரக்கும் செல்களே பெரும்பான்மையாகின்றன. முதிர்ந்த பாலில், தாயும் சேயும் நலமாயிருந்தால், 100 செல்களில் வெள்ளையணுக்கள் 2-க்கு மேல் இருப்பது அரிது என்று 2013-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. ஆனால் தாய்க்கோ பிள்ளைக்கோ தொற்று கண்டால் அவை விரைவில் பெருகுகின்றன. நோய் தீர்ந்ததும் பழைய அளவுக்குத் திரும்புகின்றன.

2022-இல் அமெரிக்க விஞ்ஞானிகள், 15 தாய்மார் பிரசவத்திற்குப்பின் 3-ஆம் நாள் முதல் 632-ஆம் நாள் வரை கொடுத்த பாலிலிருந்து 48,000-க்கும் அதிகமான செல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். பால் சுரக்கும் செல்களுக்குள்ளேயே பல நிலைகள் உண்டென்றும், மாதங்கள் செல்ல அவற்றின் விகிதம் மாறுகிறதென்றும் கண்டார்கள். ஒன்றரை வருடத்துப் பாலும் வெறும் தண்ணீரல்ல!

இதை ஏன் உங்களிடம் சொல்லுகிறேன்? சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட்டு, சேனை என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் முற்றிலும் மறையவில்லை. பாட்டிமார் அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் வெள்ளையணுக்கள் மிகுந்த அந்தப் பால் சில நாட்களே கிடைக்கும். கீழே ஊற்றினால் மறுபடி வராது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இது இன்னும் முக்கியம். குடல் அழுகல் நோயிலிருந்து அதைக் காப்பதில் தாய்ப்பாலுக்குப் பெரும் பங்குண்டு. அந்தக் குழந்தைக்கு உறிஞ்சப் பலமில்லை. தாய் கையால் பீய்ச்சிய பாலைப் பாலாடையால் சொட்டுச் சொட்டாகப் புகட்டுகிறோம். உறையவைத்துச் சேமித்த பாலும், பால் வங்கியில் 62.5 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்த பாலும் நல்ல பால்தான். அவை அநேகம் பிள்ளைகளைத் தாங்குகின்றன. ஆனால் அவற்றில் உயிருள்ள செல்கள் பெரும்பாலும் மடிந்துபோகும். உயிருள்ள செல்களோடு பால் கிடைக்க வேண்டுமானால், தாய் தன் பிள்ளையின் அருகிலேயே இருக்கவேண்டும்.

ஏழைத் தாய்க்கு இதுவே கடினம். தங்க இடமும் மூன்று வேளை உணவும் இல்லாவிட்டால், பிள்ளையை வார்டில் விட்டுவிட்டு ஊர் திரும்புகிறாள். பிள்ளை அருகில் இல்லாமல், அடிக்கடி பீய்ச்சவும் வழியில்லாமல், அவளுக்குப் பால் வற்றுகிறது.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கை இவ்விடத்தில்தான் உதவுகிறது. ஒரு தாய்க்கு நீங்கள் கொடுக்கும் ஒரு கட்டிலும் ஒரு தட்டுச் சோறும் அவள் பிள்ளைக்கு மருந்தாக மாறுகிறது. ஏசாயா தீர்க்கதரிசி தேவனுடைய ஆறுதலைத் தாயின் ஆறுதலுக்கு ஒப்பிட்டார். அந்த ஆறுதலில் நீங்களும் பங்குபெறுகிறீர்கள்.

உங்கள் சபையில் பிரசவத்திற்குக் காத்திருக்கும் சகோதரிகளுக்கும், அவர்களுடைய மாமியாருக்கும் தாயாருக்கும் இதைச் சொல்லுங்கள்: பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால், 6 மாதம் வரை அது மட்டுமே, பின்பு மற்ற உணவோடு 2 வயது வரையிலும் அதற்கு மேலும்.

எங்கள் தாய்மாருக்காகவும் பச்சிளங்குழந்தைகளுக்காகவும் தொடர்ந்து ஜெபியுங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.